குருதியில் தேடிய வீரம்

படைக்கு ஆள் திரட்டும் அரசுகள் வீரத்தை உடற்கூற்றில் தேடிய வரலாறு நீண்டது. மரபணுத் திருத்தம் அத்தேடலை இன்று கருவறை வரை கொண்டு செல்லக்கூடும். ஆதலின் பழைய தேடல்கள் முடிந்த விதத்தை எண்ணிப்பார்த்தல் நலம்.

பிரஷ்யாவை 1713 முதல் 1740 வரை ஆண்ட முதலாம் பிரடெரிக் வில்லியம், நெட்டுயரமான ஆடவரைப் பெரும்பொருள் ஈந்தும், ஆளைக் கடத்தியும் போட்ஸ்டாமில் தனிப்படையாகத் திரட்டினான். அவர்களுக்கு உயரமான பெண்டிரை மணமுடித்து நெடிய மக்களைப் பெறவும் முயன்றான் என்பர். அவன் மறைந்ததும் மைந்தன் இரண்டாம் பிரடெரிக் அப்படையைச் சிறு பட்டாளமாகச் சுருக்கினான். அவ்வாண்டு இறுதியிலேயே சைலீசியா மீது அவன் நடத்திச் சென்றவை, இடைவிடாப் பயிற்சியால் உருவான பொதுப் பட்டாளங்களே.

நம் நாட்டில் இக்கொள்கை வேறு உருக்கொண்டது. 1881 முதல் 1885 வரை சென்னைப் படைக்குத் தலைவராயிருந்த ராபர்ட்ஸ், தென்னாட்டவர் போர்க்குணம் குன்றியவர் எனக் கருதினார். பின்னர் இந்தியா முழுமைக்கும் தளபதியான அவர் ‘போர்மரபினர்’ கொள்கைக்கு வலுவூட்டினார். சென்னைப் பட்டாளங்கள் படிப்படியாகக் குறைந்தன. ஆயினும் இரண்டாம் உலகப் போரில் ஆள் பெரிதும் தேவைப்பட்டபோது, தென்னாட்டவரைக் கொண்டே சென்னை ரெஜிமெண்ட் மீண்டும் எழுப்பப்பட்டது. இடையில் மாறியது குருதியன்று, அரசின் தேவையே.

பின்னர் மரபணுவே அளவுகோலாயிற்று. அரிவாள் அணு மரபுக்கூறு உடையோரை அமெரிக்க விமானப்படைக் கல்விக்கழகம் சேர்க்க மறுத்தது. நோயற்ற கறுப்பின இளைஞர் பலர் இதனால் வாய்ப்பிழந்தனர். வழக்குத் தொடரப்பட்டபின், 1981-இல் அத்தடை நீங்கியது.

கிறிஸ்பர் முறை 2012-இல் வெளியானது. எச்.ஐ.வி. தொற்றைத் தடுக்கும் நோக்கில் கருவிலேயே மரபணு திருத்தப்பட்ட இரட்டைப் பெண்மகவுகள் பிறந்ததாக, 2018-இல் சீன அறிவியலாளர் ஹெ ஜியான்குய் அறிவித்தார். 2019-இல் அவருக்கு மூன்றாண்டுச் சிறை விதிக்கப்பட்டது. நோய் தடுக்கக் கையாண்ட அம்முறையை, களைப்பறியாப் படைஞரைப் படைக்கவும் அரசுகள் நாடுமோ என்னும் ஐயம் இயல்பே.

துணிவும் பொறுமையும் ஒற்றை மரபணுவில் அடங்குவன அல்ல. பல மரபணுக்களும் வளர்ப்பும் பயிற்சியும் கூடி அமைவன. மேலும், இன்று கருவில் திருத்தப்படும் மகவு படையிற் சேரப் பதினெட்டு ஆண்டுகள் ஆகும். அன்றைய போர் எத்தகையது என்பதை இன்று வகுப்பார் யார்?

போட்ஸ்டாமிற்குக் கடத்தப்பட்டோர் சிலர் தப்பியோடவேனும் முயன்றனர். பிறக்குமுன்னே படைக்கென வகுக்கப்படும் மகவு எங்கே ஓடும்? அதன் இசைவை எவரும் கேட்க இயலாது. ஆதலின் அதன் சார்பில் மறுக்கும் கடமை, சட்டம் இயற்றுவோரையும் நம்மையும் சார்ந்தது.