ஈர்ப்பு, காந்தப் புலத் தரவுகளுக்கான நிலைப்புள்ள எண்முறைகள்

ஈர்ப்பு, காந்தப் புலத் தரவுகளுக்கான நிலைப்புள்ள எண்முறைகள் என்பவை, நிலப்பரப்பில் அல்லது வானூர்தியிலிருந்து அளக்கப்பட்ட ஈர்ப்பு, காந்தப் புல மதிப்புகளைக் கொண்டு நிலத்தடிப் பாறைகளின் ஆழம், வடிவம், அடர்த்தி, காந்தத்தன்மை ஆகியவற்றைக் கணிக்கும்போது, அளவீட்டுப் பிழைகள் விடையில் கட்டுக்கடங்காமல் பெருகிவிடாமல் காக்கும் கணக்கீட்டு முறைகள் ஆகும். இவை புவி இயற்பியலில், கனிம வளத் தேடலிலும் படிவுப் படுகை ஆய்விலும் பயன்படுகின்றன.

சிக்கலின் தன்மை

நிலத்தடிப் பொருள் தெரிந்திருந்தால் அது மேற்பரப்பில் உண்டாக்கும் புலத்தைக் கணிப்பது எளிது. புலத்திலிருந்து பொருளைக் கண்டறிவது நேர்மாறுச் சிக்கல் எனப்படும். 1902 இல் பிரெஞ்சுக் கணிதவியலாளர் ஜாக் அடமார், ஒரு சிக்கலுக்கு விடை இருத்தல், அது ஒன்றேயாதல், தரவு சிறிது மாறினால் விடையும் சிறிதே மாறுதல் என்னும் மூன்று பண்புகளை வரையறுத்தார். ஈர்ப்பு, காந்த நேர்மாறுச் சிக்கல்களில் இரண்டாவதும் மூன்றாவதும் பொருந்துவதில்லை. ஆழத்திலுள்ள சிறிய, அடர்ந்த பொருளும் அதற்கு மேலே பரந்து கிடக்கும் அடர்த்தி குறைந்த பொருளும் ஒரே புலத்தைத் தரக்கூடும்.

கீழ்நோக்கிய தொடர்ச்சி

ஓர் உயரத்தில் அளந்த புலத்தை அதற்குக் கீழுள்ள மட்டத்திற்குக் கணித்தல் கீழ்நோக்கிய தொடர்ச்சி எனப்படும். புலத்தைப் பல அலைநீளங்களாகப் பிரித்து ஒவ்வொன்றையும் ஓர் அடுக்குக்குறிக் காரணியால் பெருக்குவர். 100 மீட்டர் கீழே செல்லும்போது 1000 மீட்டர் அலைநீளமுள்ள கூறு ஏறத்தாழ 1.87 மடங்காகும், 100 மீட்டர் அலைநீளமுள்ள கூறோ ஏறத்தாழ 535 மடங்காகும். குறுகிய அலைநீளங்களில் பெரும்பாலும் கருவி இரைச்சலே இருப்பதால், உண்மைச் செய்தி அதனுள் மூழ்கிவிடும்.

சீராக்கம்

உருசியக் கணிதவியலாளர் ஆந்திரே தீகனோவ் 1963 இல் வெளியிட்ட சீராக்க முறை இதற்குத் தீர்வு தருகிறது. தரவுடன் பொருந்துதல், விடை மிகையாகாதிருத்தல் ஆகிய இரண்டையும் ஒரு சீராக்க எண்ணால் சமன்செய்வதே இதன் அடிப்படை. மேற்கண்ட எடுத்துக்காட்டில் இந்த எண்ணை 0.0025 எனக் கொண்டால் எந்தக் கூறும் 10 மடங்குக்கு மேல் பெருகாது. 1.87 என்பது 1.86 ஆகச் சிறிதே குறைகிறது; 535 என்பதோ ஏறத்தாழ 0.75 ஆகச் சுருங்குகிறது. இந்த எண் மிகச் சிறிதானால் இரைச்சல் மீளும். மிகப் பெரிதானால் உண்மையான நுண்விவரங்களும் மறைந்துவிடும். எனவே அளவீட்டுப் பிழையின் அளவை அறிந்து அதற்கேற்ப எண்ணைத் தேர்வது வழக்கம்.

இலெவன்பெர்க் (1944), மார்க்குவார்ட் (1963) ஆகியோரின் தணிப்புச் சிறும வர்க்க முறையும் இத்தகையதே. இலீ, ஓல்டன்பர்க் ஆகியோர் 1996 இல் காந்தத் தரவுகளுக்கும் 1998 இல் ஈர்ப்புத் தரவுகளுக்கும் வெளியிட்ட முப்பரிமாண முறைகளில் ஆழ எடை சேர்க்கப்பட்டது. அது இல்லாவிட்டால், கணிக்கப்படும் பொருள் முழுதும் மேற்பரப்பை ஒட்டியே குவிந்துவிடும். இந்தியாவில் ஐ. வி. இராதாகிருஷ்ண மூர்த்தி எழுதி 1998 இல் இந்திய நிலவியல் கழகம் வெளியிட்ட நூல் இத்துறையின் கணிப்பு முறைகளை விளக்குகிறது.

காந்த நடுக்கோட்டருகே

குமரி மாவட்டம் காந்த நடுக்கோட்டை ஒட்டி அமைந்துள்ளது. 1852 முதல் 1865 வரை திருவனந்தபுரம் வானாய்வகத்தின் இயக்குநராக இருந்த ஜான் ஆலன் புரூன் அங்கும் அகத்தியர் மலையிலும் காந்த அளவீடுகளை மேற்கொண்டார். 1963 இல் தும்பாவில் ஏவூர்தித் தளம் அமைந்ததற்கும் காந்த நடுக்கோட்டின் அண்மையே காரணம்.

காந்தப் பிறழ்வை, அதை உண்டாக்கும் பொருளுக்கு நேர்மேலே அமையுமாறு மாற்றும் துருவ மாற்றம் என்னும் கணிப்பு இப்பகுதியில் நிலைகுலைகிறது. காந்தச் சரிவு 2 பாகை எனில், காந்த வடக்குத் தெற்காக நீண்ட கூறுகள் ஏறத்தாழ 820 மடங்கு பெருகும். அதனால் வரைபடத்தில் அத்திசையில் பொய்க்கோடுகள் தோன்றும். அவற்றைப் பாறைப் பிளவுகள் எனக் கருதித் துளையிட்டால் பொருளும் காலமும் வீணாகும். சில்வா (1986) துருவ மாற்றத்தையே சீராக்கத்துடன் கூடிய நேர்மாறுச் சிக்கலாக அமைத்தார். ஆன்சன், பாவ்லோவ்ஸ்கி (1989) ஆகியோர் வீனர் வடிப்பியைப் பயன்படுத்தினர்.

மணவாளக்குறிச்சி

மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலில் இல்மனைட்டு, உருட்டைல், சிர்க்கோன், கார்னெட்டு, மோனசைட்டு ஆகிய கனிமங்கள் உள்ளன. 1909 இல் செருமானிய வேதியியலாளர் சோம்பர்க் இங்கு மோனசைட்டைக் கண்டறிந்தார். இங்குள்ள மணல் ஆலையை இந்தியன் ரேர் எர்த்ஸ் நிறுவனம் (2019 முதல் ஐ.ஆர்.இ.எல்.) நடத்துகிறது.

குவார்ட்சின் அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு 2.65 கிராம், இல்மனைட்டினுடையது ஏறத்தாழ 4.7 கிராம். ஆயினும் சுற்றியுள்ள மணலைவிட 0.8 கிராம் அடர்த்தி மிகுந்த, 2 மீட்டர் தடிப்புள்ள பரந்த படுகை உண்டாக்கும் ஈர்ப்புப் பிறழ்வு ஏறத்தாழ 0.07 மில்லிகால் மட்டுமே. இல்மனைட்டின் காந்தத்தன்மையும் மேக்னடைட்டை நோக்க மிகக் குறைவு. அடியிலுள்ள சார்னோகைட்டு, கோண்டலைட்டுப் பாறைகளின் புலம் இவற்றை எளிதில் மறைத்துவிடும். சீராக்கம் பிழையைக் கட்டுப்படுத்துமேயன்றி, தரவில் இல்லாத செய்தியை உருவாக்காது. ஆகவே இத்தகைய மணற்படிவுகளில் துளையிட்டு மாதிரி எடுத்தலும், மோனசைட்டிலுள்ள தோரியத்தின் கதிர்வீச்சை அளத்தலும் இன்றியமையாதவை.

இவற்றையும் பார்க்கவும்

• புவி இயற்பியல்
• காந்தச் சரிவு
• மோனசைட்டு
• கன்னியாகுமரி மாவட்டம்