இரண்டு டாக்டர்களும் ஒரு சென்ட்டும்

பிலடெல்ஃபியா நாணயச்சாலை 1794-இல் வெளியிட்ட செப்பு சென்ட்டுகள் 9,18,521. எல்லாவற்றிலும் முகப்பில் சுதந்திர தேவியின் தலை, பின்பக்கம் இலை வளையம். ஆனால் பத்துக் காசுகளை வரிசையாக வைத்துப் பார்த்தால் பத்து தேவிகள் தெரிவார்கள். ஒருத்திக்கு இரட்டைத் தாடை, இன்னொருத்திக்குத் திடீரென்று நின்றுபோன கூந்தல்.

அச்சு வெட்டுவது அன்று கைவேலை. கூந்தல் இழைகளைச் செதுக்கி, எழுத்துகளையும் ஆண்டு எண்ணையும் தனித்தனியாக அடித்து இறக்க வேண்டும். பிறகு அச்சைச் செந்தணலில் காய்ச்சித் தண்ணீரில் முக்குவார்கள். அப்போதே சில விரிசல் விடும். விரிசலோடும் அச்சடித்தார்கள், நல்ல எஃகுக்கு அவ்வளவு தட்டுப்பாடு. முகப்பு அச்சு உடைந்தால் அதை மட்டும் மாற்றிப் பழைய பின்பக்க அச்சோடு ஜோடி சேர்ப்பார்கள். இப்படிச் சேர்ந்த ஜோடிகள் அந்த ஓராண்டில் மட்டும் ஐம்பதுக்கு மேல். (முந்தைய ஆண்டின் முதல் சென்ட் அச்சில் ‘அமெரிக்கா’ என்று எழுத இடம் போதாமல் ‘அமெரி’யோடு நிறுத்தியிருந்தார்கள். பிறகு சென்ட் அச்சு வெட்ட வந்த ஜோசப் ரைட்டை 1793 செப்டம்பரில் மஞ்சள் காய்ச்சல் கொண்டுபோயிற்று. அப்படி ஒரு தொடக்கம்.)

1794-இன் ஒரு பின்பக்க அச்சில் விளிம்புப் பற்களுக்கு இடையே 94 குட்டி நட்சத்திரங்கள் இருக்கின்றன. யார், எதற்காகப் பதித்தார்கள் என்பதற்கு நாணயச்சாலை ஆவணம் எதுவும் இல்லை. இந்த வகைக் காசு ஒன்று 2008-இல் ஆறு லட்சம் டாலருக்கு மேல் ஏலம் போனது.

இந்தப் பெரிய செப்பு சென்ட்டுகளின் அச்சடிப்பு 1857-இல் நின்றது. சிறு வயதிலிருந்து கையில் புரண்ட காசு மறையப்போகிறது என்றதும் அமெரிக்கர்கள் அதைத் தேடிச் சேர்க்கத் தொடங்கினார்கள். பிலடெல்ஃபியாவின் டாக்டர் எட்வர்ட் மாரிஸ் 1869-இல் 1794-இன் வகைகளைப் பிரித்துச் சிறு நூலாக வெளியிட்டார். எண் கொடுத்ததோடு நிற்காமல், நோயாளிகளைப் பார்த்த கண்ணால் முகங்களைப் பார்த்துப் பெயரும் வைத்தார்: ‘வீனஸ் மரினா’, ‘படகோனியன்’, ‘இரட்டைத் தாடை’, ‘வடுப்பட்ட தலை’. சேகரிப்பாளர்களிடம் இன்றும் இந்தப் பெயர்கள் புழங்குகின்றன.

இரண்டாவது டாக்டர் வில்லியம் ஷெல்டன். மருத்துவமும் உளவியலும் படித்தவர். மனித உடல்களை மூன்று வகையாகப் பிரித்துப் பெயரெடுத்தவர். அதே வகைப்படுத்தும் வெறியோடு 1949-இல் ‘எர்லி அமெரிக்கன் சென்ட்ஸ்’ நூலை எழுதி, 1793 முதல் 1814 வரையிலான அச்சு ஜோடிகளுக்கு எண் கொடுத்தார். காசின் தரத்துக்கு 1 முதல் 70 வரை மதிப்பெண்ணும் போட்டார். ஓர் அச்சு வகையில் தேய்ந்து அடையாளம் மட்டும் தெரியும் காசு ஒரு டாலர் என்றால், அப்பழுக்கற்றது 70 டாலர் என்பது அவர் கணக்கு. அந்த விலைக் கணக்கைச் சந்தை சீக்கிரமே பொய்யாக்கிவிட்டது. மதிப்பெண் முறை மட்டும் தங்கிவிட்டது. எந்த உலோகக் காசுக்கும் இன்று தர நிறுவனங்கள் 70-க்குத்தான் மதிப்பெண் போடுகின்றன.

ஷெல்டனுக்கு இன்னொரு முகமும் இருந்தது. நியூயார்க்கில் உள்ள அமெரிக்க நாணயவியல் சங்கத்துக்கு ஜார்ஜ் கிளாப் என்பவர் தம் சென்ட் சேகரிப்பை நன்கொடையாகக் கொடுத்திருந்தார். ஆராய்ச்சிக்கு என்று அங்கே போய்வந்த ஷெல்டன், உயர்ந்த காசை எடுத்துக்கொண்டு அதே அச்சு வகையில் மட்டமான காசை அதன் இடத்தில் வைத்தார். வகை மாறாததால் எண்ணிக்கை இடிக்கவில்லை. அட்டவணையும் சரியாகவே இருந்தது. இப்படி நூற்றுக்கும் மேற்பட்ட காசுகள் கைமாறின. எந்தக் காசை எதற்கு மாற்றலாம் என்பது அவர் அளவுக்குத் தெரிந்தவர்கள் அப்போது மிகச் சிலரே.

காட்டிக்கொடுத்தவை பழைய புகைப்படங்கள். ஒரே அச்சில் பிறந்த காசுகளிலும் கீறலும் நசுங்கலும் காசுக்குக் காசு மாறும். வெளிச் சேகரிப்புகளில் இருந்த காசுகளைச் சங்கத்தின் பழைய படங்களோடு ஒப்பிட்டபோது தழும்புகள் பொருந்தின. ஷெல்டன் 1977-இலேயே இறந்துவிட்டதால், அவரிடமிருந்து காசுகளை வாங்கியவருக்கும் சங்கத்துக்கும் இடையேதான் வழக்கு நடந்தது. 1990-களில் கலிஃபோர்னியா நீதிமன்றம் சங்கத்தின் பக்கம் தீர்ப்பளித்தது. வாங்கியவரிடமிருந்த காசுகள் நியூயார்க் திரும்பின.