பச்சோந்தி எதை உண்டு வாழ்கிறது?



பச்சோந்தி என்றவுடன் நம் நாட்டில் அதன் நிறமாற்றமே நினைவுக்கு வரும். கட்சி மாறுகின்றவரை ஏசுவதற்கு இதனினும் வசதியான பெயர் நம்மவருக்கு அகப்படவில்லை. பண்டை ஐரோப்பியரை வியப்பில் ஆழ்த்தியதோ நிறம் மட்டுமன்று. அதன் உணவும் ஆகும். உண்ணாமலும் பருகாமலும் காற்றை மட்டுமே கொண்டு வாழும் பிராணி அது என்று அவர்கள் ஆயிரத்தைந்நூறு ஆண்டுகளுக்கு மேலாக நம்பி வந்தனர். அந்த நம்பிக்கை விழுந்த கதையையும், அது விழுந்த பின்னரும் பச்சோந்தியின் பசி தீராத கதையையும் இன்று கூற விரும்புகிறேன்.

கி.பி. முதல் நூற்றாண்டில் ரோமாபுரியில் வாழ்ந்த பிளினி என்பவர், தாம் தொகுத்த 'இயற்கை வரலாறு' என்னும் பெருநூலில் இச்செய்தியை எழுதி வைத்தார். அவருக்குச் சற்று முன்னர் வாழ்ந்த கவிஞர் ஓவிட் என்பவரும் இதனைப் பாடியுள்ளார். ஷேக்ஸ்பியரின் 'ஹாம்லெட்' நாடகத்திலும் காற்றுண்ணும் பச்சோந்தி வருகிறது. இதைக் கேட்டு நாம் நகைக்க வேண்டுவதில்லை. பாம்பு காற்றை உண்பது என்று எண்ணி, அதற்குப் 'பவனாசனம்' என்று வடமொழியில் பெயரிட்டவர்கள் நம் முன்னோரே அல்லரோ?

இந்த நம்பிக்கைக்குக் காரணம் இல்லாமலும் இல்லை. பச்சோந்தி குளிர் இரத்தப் பிராணி. பல நாள் உணவின்றியும் உயிர் தாங்கும். சினம் கொண்டால் காற்றை இழுத்து உடலை உப்ப வைக்கும். தேங்கிய நீரில் பெரும்பாலும் வாய் வைக்காது; இலையில் ஒட்டிய துளிகளை நக்கிக் குடிக்கும். இரை பிடிக்கும்போதோ, தன் உடலின் நீளத்தையும் கடந்து நாவை வீசி, கண் இமைப்பதற்குள் உள்ளிழுத்துக் கொள்ளும். அருகில் அமர்ந்து பார்த்தவனுக்கும் ஈ மறைந்தது தெரியுமேயன்றி, அது போன வழி தெரியாது.

1646ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் நார்விச் நகரத்து மருத்துவர் சர் தாமஸ் பிரௌன், மக்களிடையே வழங்கிய பொய் நம்பிக்கைகளை ஆராய்ந்து ஒரு நூல் வெளியிட்டார். பச்சோந்திக்கு அதில் தனி அத்தியாயமே உண்டு. அவருடைய வாதம் நேரானது. இப்பிராணிக்குப் பல் உண்டு, நாக்கு உண்டு, இரைப்பை உண்டு, குடலும் உண்டு. காற்றுதான் உணவு என்றால் இத்தனை உறுப்புகள் எதற்கு? கணக்கில் விடையை மனப்பாடம் செய்துவிட்டு, செய்முறை கேட்டால் விழிக்கும் மாணவர்களுக்கு நான் இந்த அத்தியாயத்தைத்தான் எடுத்துக்காட்டுவேன்.

1669இல் பாரிஸ் நகரத்து அறிவியற் கழகத்தைச் சேர்ந்த கிளாட் பெரோ, பச்சோந்தியை அறுத்துப் பார்த்து அதன் உள்ளமைப்பை வருணித்து எழுதினார். (சிண்டரெல்லா கதையை எழுதிப் புகழ் பெற்ற சார்லஸ் பெரோ இவருடைய தம்பியே.) சில ஆண்டுகளுக்குள், நாவலாசிரியை மதலேன் தெ ஸ்குதேரி எகிப்திலிருந்து வந்த இரண்டு பச்சோந்திகளைத் தம் பாரிஸ் இல்லத்தில் அருமையாக வளர்த்தார், அவற்றின் வரலாற்றை 1688இல் அச்சிட்டும் வெளியிட்டார். ஆனால் அவை நெடுநாள் வாழவில்லை.

இவ்வாறு, பச்சோந்தி பூச்சி தின்னும் பிராணி என்பது ஐயமற விளங்கிற்று. பூச்சியைக் கொடுத்தால் அது நன்றாக வாழ வேண்டும் அன்றோ? வாழவில்லை. கூண்டில் பிறந்த குஞ்சுகள் வயிறார உண்டும் கால் எலும்பு வளைந்து, தாடை மென்மையாகி, கிளையைப் பற்ற வலியற்று வீழ்ந்தன. பச்சோந்தி கூண்டில் நெடுநாள் தங்காது என்னும் பேச்சு இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதி வரையிலும் வழங்கி வந்தது.

இதற்கு விடை பச்சோந்தியிடமிருந்து வரவில்லை. சிங்கக் குட்டிகளிடமிருந்தும் ஏழைக் குழந்தைகளிடமிருந்தும் வந்தது. 1880களில் லண்டன் விலங்குக் காட்சிச்சாலையில் சிங்கக் குட்டிகளுக்கு எலும்பு நீக்கிய இறைச்சியே இரையாகக் கிடைத்தது. அவற்றின் எலும்புகள் வளைந்தன. ஜான் பிளாண்ட் சட்டன் என்னும் மருத்துவர் நொறுக்கிய எலும்பும் பாலும் மீனெண்ணெயும் சேர்க்கச் சொன்னார், குட்டிகள் தேறின. புகை மண்டிய தொழில் நகரங்களின் குழந்தைகளையோ 'ரிக்கட்ஸ்' என்னும் அதே எலும்பு நோய் முடமாக்கி வந்தது. 1919இல் எட்வர்ட் மெல்லன்பி, வீட்டுக்குள்ளேயே வளர்த்த நாய்க்குட்டிகளைக் கொண்டு, உணவுக் குறையால் இந்நோய் வருவதையும் மீனெண்ணெய் அதைத் தடுப்பதையும் காட்டினார். அதே ஆண்டில் பெர்லினில் ஹுல்ட்ஷின்ஸ்கி, புற ஊதாக் கதிர் வீசும் விளக்கினால் குழந்தைகளைக் குணப்படுத்தினார். எண்ணெயும் ஒளியும் ஒரே வேலையைச் செய்வது எங்ஙனம் என்ற புதிர் பின்னர் அவிழ்ந்தது. 1922இல் மக்காலம் என்பவர் மீனெண்ணெயிலுள்ள அந்தப் பொருளுக்கு வைட்டமின் டி என்று பெயரிட்டார். தோலின்மேல் வெயில் படும்போது உடலே அதனை ஆக்கிக்கொள்ளும். அது இல்லாவிடில் உணவிலுள்ள கால்சியம் உடலில் நன்கு சேராது.

இப்பொழுது பச்சோந்தியின் கூண்டை மீண்டும் பாருங்கள். பூச்சிக்கு எலும்பு இல்லை. சுவர்க்கோழி, புழு ஆகியவற்றில் கால்சியத்தைக் காட்டிலும் பாஸ்பரஸ் பல மடங்கு மிகுதி. பச்சோந்திக்கோ கால்சியமே மிகுந்திருக்க வேண்டும். எலும்பு நீக்கிய இறைச்சியை உண்ட சிங்கக் குட்டியின் நிலையே இதுவும். மேலும், சாதாரணக் கண்ணாடி வெளிச்சத்தை விடும். வேண்டிய புற ஊதாக் கதிரைத் தடுத்துவிடும். ஆகவே கண்ணாடிக்குப் பின்னால் வெயில் காய்ந்த பிராணி உண்மையில் இருட்டில்தான் இருந்தது.

பிற நாடுகளில், ஏமன் நாட்டு இனத்தையும் மடகாஸ்கர் இனத்தையும் வளர்ப்போர் இன்று செய்வது இதுவே: இரையாகும் பூச்சிக்கு முதலில் ஓரிரு நாள் கீரையும் காய்கறியும் ஊட்டுகிறார்கள், பின்பு அதன்மேல் கால்சியம் கார்பனேட் பொடியைத் தூவுகிறார்கள், புற ஊதாக் கதிர் விளக்கை ஏற்றுகிறார்கள். வைட்டமின் ஏ குறைந்தால் கண் வீங்கும், நா வீசும் திறனும் குன்றும். ஆகையால் அதனையும் இடையிடையே சிறிதளவு சேர்க்கிறார்கள். சிறிதளவு என்ற சொல்லை அழுத்தியே சொல்கிறேன். வைட்டமின் டி மிகுந்தால் சிறுநீரகத்திலும் இரத்தக் குழாயிலும் சுண்ணாம்பு படிந்து, காக்க வந்த மருந்தே கொன்றுவிடும். பொடி டப்பாவைக் கண்டவுடன் அள்ளிக் கொட்டும் அன்பு, பட்டினி போட்ட பழைய அறியாமைக்குச் சற்றும் குறைந்ததன்று.

அளவறியும் திறன் அந்தப் பிராணிக்கே உண்டு என்பதும் தெரிய வந்திருக்கிறது. அமெரிக்க ஆராய்ச்சியாளர் சிலர் மடகாஸ்கர் இனத்தை ஆராய்ந்து 2003இல் வெளியிட்ட முடிவு இது: உணவில் வைட்டமின் டி குறைந்த பச்சோந்திகள் புற ஊதாக் கதிரை மிகுதியாக நாடிச் சென்றன, நிறைந்திருந்தவை குறைவாகவே நாடின. வெயிலும் நிழலும் இரண்டும் கூண்டில் இருந்தால், எவ்வளவு வேண்டும் என்பதை அது தானே தேர்ந்துகொள்ளும்.

நம் வேலிகளிலும் முட்புதர்களிலும் வாழும் இந்தியப் பச்சோந்தி வேறோர் இனம். 1768இல் லாரென்டி என்பவர் அதற்கு இலங்கையின் பெயரால் 'சைலானிக்கஸ்' என்று அறிவியற் பெயர் சூட்டினார். 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அதைப் பிடிப்பதும் வீட்டில் வைத்து வளர்ப்பதும் குற்றமாகும். எனவே, அது உண்பதைக் காண விரும்பும் மாணவர்கள் காலை வெயில் ஏறும் நேரத்தில் வேலியோரம் சற்று எட்டி நின்று காத்திருக்க வேண்டும். முதலில் அது வெயில் படும் பக்கமாகத் தன் உடலைத் தட்டையாக்கித் திருப்பிக்கொள்ளும். இரை தேடுவது அதன் பின்னரே.