பொன்மலைத் தொழிலாளர் பெற்ற சட்டமன்ற இடம்

திருச்சிராப்பள்ளியின் தேர்தல் வரலாற்றை எழுதுவோர் கட்சிகளின் வெற்றி தோல்விகளோடு நிறுத்திக்கொள்வது வழக்கம். பட்டறையில் சுத்தியல் பிடித்தவர்கள் தமக்கென ஓர் உறுப்பினரைச் சட்டமன்றத்துக்கு எவ்வாறு அனுப்பினர் என்பதை நாம் ஆராய்ந்தால், நம் சமுதாயத்தார் கருத வேண்டிய செய்திகள் பல கிடைக்கும்.

நாகப்பட்டினத்திலிருந்த தென்னிந்திய ரயில்வேயின் பட்டறை 1928-இல் பொன்மலைக்கு வந்து சேர்ந்தது. இடமாற்றத்தோடு ஆட்குறைப்பும் வந்தது. அவ்வாண்டே பெரும் வேலைநிறுத்தம் மூண்டது. சிங்காரவேலர் சிறை புகுந்தார். அந்த நெருப்பில் வளர்ந்ததே பொன்மலைத் தொழிற்சங்கம்.

1935-ஆம் ஆண்டுச் சட்டம் சென்னை மாகாணச் சட்டமன்றத்துக்கு 215 இடங்களை வகுத்தது. அவற்றுள் தொழிலாளர்க்கு 6, நமக்கு 30. பொதுவாக வாக்குரிமைக்குச் சொத்தும் வரியும் எழுத்தறிவும் அளவுகோலாக இருந்த காலம் அது. குடிசையும் கூலியுமே உடைமையாகக் கொண்ட நம் முன்னோருள் எத்தனை பேர் அந்த வாயிலைக் கடந்திருக்க முடியும்? தொழிற்சங்கத் தொகுதியிலோ சங்க உறுப்பினர் என்பதே வாக்காளர்க்கு அடிப்படைத் தகுதி. 1946 தேர்தலில் ரயில்வேத் தொழிற்சங்கத் தொகுதியில் பொதுவுடைமைக் கட்சியின் கே. அனந்தன் நம்பியார் வென்றார். அவ்வாண்டு செப்டம்பர் 5-ஆம் நாள் பொன்மலைச் சங்கத் திடலில் காவல்துறை சுட்டதில் தொழிலாளர் ஐவர் மாண்டனர். சட்டமன்ற உறுப்பினரான நம்பியாரும் அன்று கடுமையாகத் தாக்கப்பட்டார். தம் வாக்காளரோடு அடிபட்ட உறுப்பினர் எத்தனை பேரை நாம் கண்டிருக்கிறோம்?

நம் 30 இடங்களின் நிலை வேறு. 1932 பூனா ஒப்பந்தப்படி, முதற்கட்டத்தில் நம்மவர் மட்டும் வாக்களித்து நால்வரைத் தெரிவு செய்வர். முடிவான தேர்தலில் எல்லாச் சாதியாரும் வாக்களிப்பர். முதற்கட்டத்தில் நம் மக்கள் முதல்வராக நிறுத்தியவர், இறுதியில் பிறர் வாக்கால் வீழ்த்தப்படவும் கூடும். அம்பேத்கர் அவர்கள் சுட்டிய குறை இதுவே. தொழிலாளர் இடத்தில் அனுப்புவோரும் தெரிவு செய்வோரும் ஒருவரே. நம் இடத்தில் அவ்விருவரும் வேறு. இவ்வேறுபாட்டை நாம் சிறிதென எண்ணலாகாது.

1952-இல் வயது வந்தோர் அனைவர்க்கும் வாக்குரிமை வந்தபின் தனித் தொழிலாளர் தொகுதிகள் மறைந்தன. எனினும் ரயில்வேத் தொழிற்சங்கத்தில் உழைத்த எம். கல்யாணசுந்தரம் அவ்வாண்டே திருச்சியிலிருந்து சட்டமன்றம் சென்றார். தனித் தொகுதி போயிற்று, சங்கம் போகவில்லை.

அக்காலத்தில் நமக்குரிய இடங்கள் இரட்டை உறுப்பினர் தொகுதிகளில் அமைந்தன. ஓரிடம் பொது, ஓரிடம் தனி. இதில் ஒரு சுவையான வழக்கு உண்டு. 1957-இல் ஆந்திரத்துப் பார்வதிபுரம் நாடாளுமன்றத் தொகுதியில் பழங்குடியினர் இருவரே இரண்டு இடங்களையும் வென்றனர். தோற்றவர் வி. வி. கிரி, அவரும் ரயில்வேத் தொழிற்சங்கத் தலைவராக விளங்கியவரே! பொது இடம் பழங்குடியினர்க்குச் செல்லாது என்று அவர் தொடுத்த வழக்கை 1959-இல் உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை. இரு உறுப்பினர் முறையோ 1961-இல் சட்டத்தால் நீக்கப்பட்டது.

தனித் தொகுதி மட்டுமே நமக்குரியது என்று நம் இளைஞர் பலர் இன்றும் கருதுகின்றனர். நம் ஊரே இதற்கு விடை தந்துள்ளது. திருச்சிராப்பள்ளி நாடாளுமன்றத் தொகுதி பொதுத் தொகுதி. 2001 இடைத்தேர்தலில் அங்கே நம் சமுதாயத்தைச் சார்ந்த தலித் எழில்மலை அ.இ.அ.தி.மு.க. வேட்பாளராக வென்றார். அவர்க்குப் பின்னே ஒரு பெரிய கட்சியின் வலிமை நின்றது என்பதையும் நாம் மறைக்க வேண்டியதில்லை. பொன்மலையில் அவ்விடத்தைச் சங்கம் வகித்தது. நம் தெருக்களில் அவ்விடம் இன்னும் வெறுமையாகவே உள்ளது.

நிற்க விழைவோர் சில விவரங்களை அறிதல் நலம். 1952-இல் சட்டமன்ற வேட்பாளர் கட்டிய வைப்புத்தொகை 250 ரூபாய், தாழ்த்தப்பட்டோர்க்கு 125. 2010 முதல் அது 10,000, நமக்கு 5,000. இச்சலுகை தனித் தொகுதிக்கு மட்டும் உரியதன்று. ஸ்ரீரங்கம் போன்ற பொதுத் தொகுதியிலும் உண்டு. செல்லத்தக்க வாக்குகளில் ஆறில் ஒரு பங்குக்கு மேல் பெறாதவர் அதனை இழப்பார். சுயேச்சையாக நிற்பவரைப் பத்து வாக்காளர் முன்மொழிய வேண்டும். அப்பதின்மரும் அத்தொகுதியின் வாக்காளர் பட்டியலில் இருத்தல் வேண்டும்.