வூஸ்டர் ஆயர் வுல்ஃப்ஸ்டன்

வுல்ஃப்ஸ்டன் (சுமார் 1008 – 1095) பெனடிக்ட் சபைத் துறவி. இங்கிலாந்தின் வூஸ்டர் மறைமாவட்ட ஆயர். கத்தோலிக்கத் திருச்சபையின் புனிதர். 1066இல் நார்மானியர் இங்கிலாந்தைக் கைப்பற்றியபின் ஆங்கிலேய ஆயர்கள் பதவி இழந்தும் இறந்தும் மறைய, பெரும்பாலும் நார்மானியரே அவ்விடங்களுக்கு வந்தனர். பழைய ஆட்சியின் ஆயர்களில் கடைசியாக எஞ்சியவர் இவரே.

வாரிக்‌ஷயரின் லாங் இட்சிங்டனில் பிறந்து, ஈவ்ஷம், பீட்டர்பரோ மடங்களில் கல்வி கற்றார். வூஸ்டர் மடத்தில் துறவியாகிப் பின்னர் அதன் தலைவரானார். 1062இல் ஆயராகத் திருநிலைப்படுத்தப்பட்டார்.

நார்மானியர் இவரைப் பதவியிலிருந்து நீக்க முயன்றபோது, நார்மானியருக்கு முன் ஆண்ட எட்வர்ட் மன்னரின் கல்லறையில் இவர் ஊன்றிய ஆயர் கோலை வேறு எவராலும் பிடுங்க முடியவில்லை என்றொரு கதை உண்டு. அது அவர் இறந்த பிறகு பரவிய கதை. அவர் நிலைத்ததற்கு அரசியலே போதுமான விளக்கம்: நார்மானிய மன்னர் முதலாம் வில்லியத்துக்குப் பணிந்தார்; 1075இல் பிரபுக்களின் கலகத்தை அடக்க உதவினார்; 1088இல் கலகக்காரரிடமிருந்து வூஸ்டர் நகரைக் காத்தார்.

ஆனால் அரசரை அண்டிப் பிழைத்தவர் என்று மட்டும் அவரை ஒதுக்கிவிட முடியாது. பிரிஸ்டல் துறைமுகத்திலிருந்து ஆண்களையும் பெண்களையும் அயர்லாந்துக்கு அடிமைகளாக விற்றுவந்தனர். வுல்ஃப்ஸ்டன் அந்நகருக்கே திரும்பத் திரும்பச் சென்று, மாதக்கணக்கில் தங்கி, மக்களின் மொழியிலேயே போதித்து அவ்வணிகத்தை எதிர்த்தார். அவரது வாழ்வில் இதுவே தலையாய செயல்.

உடையிலும் எளிமையானவர், ஆட்டுக்குட்டித் தோலையே அணிந்தார். பூனைத் தோலாவது அணியக்கூடாதா என்று கூட்டான்ஸ் ஆயர் கேட்க, வழிபாட்டில் கடவுளின் ஆட்டுக்குட்டியைப் பாடிக் கேட்டதுண்டு, பூனையைப் பாடிக் கேட்டதில்லையே என்றாராம்.

1084இல் பேராலயத்தைப் புதிதாகக் கட்டத் தொடங்கினார். அதற்காகப் புனித ஆஸ்வால்டின் பழைய கோயில் இடிக்கப்பட்டபோது கண்ணீர் விட்டார். அவர் எழுப்பிய நிலவறை இன்றும் இருக்கிறது. மடத்தில் பன்னிரண்டு பேர் அளவில் இருந்த துறவியர் அவர் காலத்தில் ஐம்பதாகப் பெருகினர்.

அவரோடு பழகிய கோல்மன் என்ற துறவி ஆங்கிலத்தில் எழுதிய வரலாறு மறைந்துபோனது. மாம்ஸ்பரி வில்லியம் அதை லத்தீனில் ஆக்கிய நூலே எஞ்சியுள்ளது. 1203இல் மூன்றாம் இன்னொசென்ட் திருத்தந்தை வுல்ஃப்ஸ்டனைப் புனிதராக அறிவித்தார். 1216இல் இறந்த ஜான் மன்னர் தம் விருப்பப்படி, இப்புனிதரின் கல்லறை இருந்த வூஸ்டரிலேயே அடக்கம் செய்யப்பட்டார். மன்னரின் கல்லறை இன்றும் பேராலயத்தில் நிற்கிறது. புனிதரின் கல்லறைப் பீடமோ பதினாறாம் நூற்றாண்டுச் சமயச் சீர்திருத்தத்தில் அழிக்கப்பட்டுவிட்டது.