வேற்றுருவில் ஒரு துறவி: வஞ்சியிலிருந்து புத்தகயா வரை

வஞ்சி மாநகரில் சமயவாதிகளிடம் பாடம் கேட்கச் சென்றபோது மணிமேகலை பெண்ணாகச் செல்லவில்லை. ஆண் துறவியின் உருவில் சென்றாள். மாயவித்தை என்று எளிதில் தாண்டிவிடக்கூடிய இடம் இது. ஆனால் ‘மணிமேகலை’ காப்பியத்தைப் பாடிய சீத்தலைச் சாத்தனார் இதற்கான காரணத்தை முன்கூட்டியே சொல்லிவைத்திருக்கிறார். இளம்பெண் என்று கண்டால் எந்த ஆசிரியரும் உனக்கு மெய்ப்பொருளைச் சொல்லமாட்டார் என்று மணிபல்லவத் தீவில் எச்சரித்துத்தான் மணிமேகலா தெய்வம் வேற்றுரு எடுக்கும் மந்திரத்தைத் தருகிறது. குறை ஆசிரியர்களுடையது என்பதில் காப்பியம் தெளிவாக இருக்கிறது.

ஐரோப்பாவில் இதற்கு இணையாகப் பேசப்படுவது பெண் போப் ஜோன் கதை. ஆண் உடையில் ஏதென்ஸில் கற்று, ரோமில் போப்பாகி, ஊர்வலத்தின் நடுவே பிள்ளை பெற்றதால் வெளிப்பட்டாள் என்பது அது. 13ஆம் நூற்றாண்டின் நடுவில் ழான் த மையி எழுதிய வரலாற்றில் அவளுக்குப் பெயர்கூட இல்லை. காலமும் 1099ஐ ஒட்டி வருகிறது. ஓபாவா மார்ட்டினின் நூல்தான் பெயரும் ஊரும் கொடுத்து, அவளை நான்காம் லியோவுக்குப் பின் 855இல் கொண்டுவைத்தது. லியோ இறந்த சில வாரங்களிலேயே மூன்றாம் பெனடிக்ட் பதவியேற்றுவிட்டதால் அங்கே அவளுக்கு இடமே இல்லை. 1647இல் தாவித் புளொந்தெல் இதை மறுத்து நூல் எழுதினார். அவர் போப்பாண்டவரை ஏற்காத புராட்டஸ்டண்ட் என்பதால் அம்மறுப்புக்கு எடை கூடியது.

ரோம் கதையில் பெண்ணுடல் அவளைக் காட்டிக்கொடுக்கிறது, கல்வி குற்றமாகிறது. பலர் 6ஆம் நூற்றாண்டை ஒட்டி வைக்கும் மணிமேகலையிலும் வேடத்துக்கு விலை உண்டு. காயசண்டிகை என்ற பெண்ணின் உருவில் அவள் இருந்ததால்தான், அவளை விரும்பிய இளவரசன் உதயகுமரன் காயசண்டிகையின் கணவனால் வெட்டுண்டு இறந்தான். ஆனால் வஞ்சியில் அவளை யாரும் பிடிக்கவில்லை. அளவைவாதி தொடங்கிச் சைவர், வைணவர், ஆசீவகர், நிகண்டர் என ஒவ்வொருவராகக் கேட்கிறாள். கண்டதையே நம்புவேன் என்ற பூதவாதியிடம், உன் தாய் தந்தையரை அனுமானத்தால் அல்லாமல் எப்படி அறிந்தாய் என்று மடக்குகிறாள். பிறகு காஞ்சியில் பௌத்தத் துறவி அறவண அடிகளிடம், தான் பூண்ட வேற்றுருவைப் போலவே அச்சமயங்களையும் மனத்தில் கொள்ளவில்லை என்கிறாள். வேடத்தையும் கேட்ட வாதங்களையும் ஒரே மூச்சில் கழற்றிவைக்கும் இந்த இடம் என்னை ஒவ்வொரு முறையும் நிமிர வைக்கிறது.

இருந்தும் காப்பியம் ஆணுருவின் பிடியிலிருந்து முழுதாக விடுபட்டுவிடவில்லை. இனிவரும் பிறவிகளில் அவள் மகத நாட்டில் ஆணாகவே பிறப்பாள், புத்தனின் தலைமைச் சீடனாவாள் என்று தூணில் உறையும் தெய்வமான கந்திற்பாவை கூறுகிறது. தாமரைச் சூத்திரத்தில் எட்டு வயது நாகராசன் மகளும் ஆணாக மாறிய பின்பே புத்தநிலை அடைகிறாள். வஞ்சியில் சில நாள் தேவைப்பட்ட ஆணுரு, இங்கே வீடுபேற்றின் நிபந்தனையாகவே ஆகிவிடுகிறது.

சீனத்தில் ஓட்டம் எதிர்த்திசையில் திரும்பியது. அகத்தியருக்குத் தமிழ் சொன்னவர் என்று வீரசோழியம் என்ற இலக்கண நூல் கூறும் போதிசத்துவர் அவலோகிதர் அங்கே மெல்ல மெல்லப் பெண்ணானார். கி.பி. 1100இல் ஷியாங்ஷான் கோயிலில் கல்லில் பொறிக்கப்பட்ட மியாவ்ஷான் இளவரசியின் கதை, குவான்யின் என்னும் பெண் உருவை ஊன்றச் செய்தவற்றுள் ஒன்று. மலேசியச் சீனர் இன்றும் வணங்குவது அந்த உருவைத்தான்.

கோலலங்காட் மாவட்டத்தின் ஜெஞ்சாரோமுக்கு நம்மில் பலர் சீனப் புத்தாண்டு விளக்குகளைப் பார்க்கப் போகிறோம். அங்குள்ள தோங் சென் ஆலயம், தைவானில் 1967இல் சிங் யுன் அடிகள் நிறுவிய ஃபோ குவாங் ஷான் மடத்தைச் சேர்ந்தது. அம்மடத்துத் துறவிகளில் பெரும்பான்மையர் பெண்கள். 1998 பிப்ரவரியில் அதே மடம் புத்தகயாவில் பல நாட்டுப் பெண்களுக்கு முழுத் துறவு அளித்தது. பிக்குணி சங்கம் 11ஆம் நூற்றாண்டை ஒட்டி அற்றுப்போன இலங்கையிலிருந்து வந்தவர்களும் அவர்களில் இருந்தார்கள். கந்திற்பாவை ஆண்பிறப்பைக் குறித்துவைத்த மகத மண்ணில் அவர்கள் எந்த வேற்றுருவும் எடுக்காமலே துறவேற்றார்கள்.