பாத்ரூமில் மின்சார ஷேவரா? ஈரக்கை உஷார்!

துபாய், சிங்கப்பூரில் இருந்து வாங்கி வரும் ஷேவர்களில் பெரும்பாலும் பட்டை முனை பிளக் இருக்கும். நம்ம ஊர் சாக்கெட்டுக்கு உருண்டை முனைதான் சரி. குச்சியை விட்டு நெம்பி சொருகுவது ஆபத்து. அடாப்டர் வாங்குங்க.

ஷேவரில் ‘100-240 வோல்ட்’ என்று இருந்தால் கவலை இல்லை. ‘120’ மட்டும் இருந்தால் நம்ம 230 வோல்ட் கரண்டில் கருகிடும். அடாப்டர் முனையைத்தான் மாற்றும், வோல்ட்டை குறைக்காது.

குழாய், ஷவர் பக்கத்தில் சாக்கெட் கூடாது. அறையிலேயே சார்ஜ் ஏற்றி, வயரை கழற்றிவிட்டு பாத்ரூமுக்கு கொண்டு போகலாம்.

வீட்டில் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. இருந்தால் கசிவு ஏற்பட்டதும் கரண்டை துண்டிக்கும்.

சார்ஜில் உள்ள ஷேவர் தண்ணீரில் விழுந்தால் கையை விடாதீங்க. முதலில் மெயினை ஆப் செய்யணும்!